பதினோராம் எண்ணின் கண்

எங்கள் துறைத்தலைவருக்கு மூளையைப் பற்றி எதுவும் தெரியாது. அதை அவர் ஒரு குறையாக நினைத்ததும் இல்லை. ஒரு கம்பி வழியாக மின்சாரம் வந்தால் போதும், அந்தக் கம்பியின் மறுமுனையில் என்ன இருக்கிறது என்று மின்னணுவியல்காரன் கவலைப்படக் கூடாது என்பது அவர் கட்சி. மறுமுனையில் ஒரு மனிதத் தலை இருந்தபோதும் அவர் கட்சி மாறவில்லை.

தொண்ணூறுகளின் கடைசி அது. நான் கோயம்புத்தூரில் எம்.ஈ. முடித்துவிட்டு, திருநெல்வேலியிலிருந்து அம்பாசமுத்திரம் போகிற வழியில், வயலை நிரவிக் கட்டியிருந்த ஒரு பொறியியல் கல்லூரியில் விரிவுரையாளராகச் சேர்ந்திருந்தேன். துறையில் பெண் நான் ஒருத்திதான். அதனால் கூட்டம் நடக்கும்போதெல்லாம் டீ சொல்லிவிட வேண்டியது என் வேலை என்று எல்லோரும் தாமாகவே முடிவு செய்திருந்தார்கள். நான் ஒருமுறையும் சொல்லவில்லை. டீ வராமலே பல கூட்டங்கள் நடந்து முடிந்தன. திமிர் பிடித்தவள் என்ற பெயர் எனக்கு முதல் மாதத்திலேயே வந்துவிட்டது. அது பின்னால் பல விதத்தில் வசதியாக இருந்தது.

துறைத்தலைவர் ஒரு கருத்தரங்கத்துக்காக டெல்லி போனார். போகும்போது அல்வாப் பெட்டிகளைக் கொண்டு போனவர், திரும்பும்போது ஜெராக்ஸ் கட்டுகளைக் கொண்டு வந்தார். மறுநாள் என்னைக் கூப்பிட்டு அந்தக் கட்டுகளை என் பக்கம் தள்ளினார். இவற்றைப் படித்து, நிரல் எழுதி, ஒப்பிட்டு ஒரு கட்டுரை தயார் செய்ய வேண்டும் என்றார். அவர் படித்துவிட்டாரா என்று கேட்டேன். முதல் பக்கம் பார்த்தேன், அருமையான விஷயம் என்றார்.

விஷயம் அருமையானதுதான். தலையில் மின்முனைகளை ஒட்டி மூளையின் மின்னலைகளைப் பதிவு செய்வார்கள், இ.இ.ஜி. என்று. அந்தப் பதிவில் மூளை மட்டும் வருவதில்லை. கண் ஒரு சின்ன பேட்டரி மாதிரி. முன்பக்கம் நேர்மின், பின்பக்கம் எதிர்மின். அது உருண்டாலும், இமை மூடித் திறந்தாலும், நெற்றிப் பக்கத்துக் கோடுகளில் பெரிய மேடு ஒன்று எழும்பும். மூளையின் அலை அதற்கு அடியில் நசுங்கிக் கிடக்கும். மேட்டை எடுக்க வேண்டும், அலையைத் தொடக் கூடாது. இதற்கு அப்போது புதிதாக ஒரு கணக்கு வந்திருந்தது. எல்லா மின்முனைகளிலும் கலந்து வருவதை, ஒன்றையொன்று சாராத தனித்தனிக் கூறுகளாக அது பிரித்துக் கொடுத்துவிடும். எந்தக் கூறு கண் என்று பார்த்து அதை எறிந்துவிட்டு, மிச்சத்தை மறுபடி சேர்த்தால் சுத்தமான பதிவு கிடைக்கும். இப்படிப் பிரிப்பதற்கு மூன்று முறைகள் பேர் வாங்கியிருந்தன. ஒன்று விடையை நோக்கிச் சிறு சிறு அடியாக நகர்வது. ஒன்று பெரிய எட்டு வைத்துச் சீக்கிரம் போய்ச் சேர்வது. மூன்றாவது, எல்லாவற்றையும் பெரிய அட்டவணைகளாக்கி மொத்தமாகத் தீர்ப்பது. மூன்றும் பிரித்துத்தான் கொடுக்கும். எது கண், எது மூளை என்று எந்த முறையும் சொல்லாது. அதை மனிதன்தான் சொல்ல வேண்டும்.

துறைத்தலைவர் இதைக் கல்யாண வீட்டுப் பந்தியாகப் புரிந்துகொண்டிருந்தார். பந்தியில் நாலு மூலைக்கு நாலு மைக் வைத்தால் நாலு பேர் பேச்சையும் தனித்தனியாகப் பிரித்துவிடலாம் என்று முதல்வரிடம் சொன்னார், மாணவர்களிடம் சொன்னார், தண்ணீர் கொண்டு வைக்க வந்த பியூனிடமும் சொன்னார். அதற்கு மேல் யாரும் ஏதாவது கேட்டால், அதை மேடம் சொல்வார்கள் என்று என் பக்கம் கையைக் காட்டினார்.

பதிவு எடுக்க இயந்திரம் வேண்டுமே. அவருடைய மைத்துனர் பாளையங்கோட்டையில் நரம்பியல் மருத்துவர். சொந்தமாகக் கிளினிக் வைத்திருந்தார். புதிதாகக் கம்ப்யூட்டரில் பதிகிற இ.இ.ஜி. வாங்கியிருந்தார். அக்காள் புருஷன் கேட்டுவிட்டாரே என்று மத்தியான வேளைகளில் அதைத் தர ஒப்புக்கொண்டார். பொறியாளர்கள் எல்லாரையும் ரேடியோ பழுது பார்ப்பவர்களாகவே அவர் நினைத்தார், அதை மறைக்கவும் இல்லை. கண்ணசைவைக் கணக்குப் போட்டு நீக்கப் போகிறோம் என்றதும், கண்ணசைவு எது என்று தன் கண்ணுக்கே தெரியும், அதற்குக் கணக்கு எதற்கு என்றார். ஒரு விதத்தில் அவர் சொன்னது சரி. அவர் எதையும் ஒரு விதத்தில் மட்டும் சரியாகச் சொல்கிறவர்.

மாணவர்களில் பத்துப் பேரைத் தலை கொடுக்கச் சொல்லிப் பிடித்தேன். எல்லாத் தலையிலும் தேங்காயெண்ணெய். ஒட்டிய மின்முனை வழுக்கிக்கொண்டு காதுக்கு வந்தது. சீயக்காய் போட்டுக் குளித்துவிட்டு வரச் சொல்லித் திருப்பி அனுப்பினேன். வந்தவர்களை உட்காரவைத்து, மேலே பார், கீழே பார், சிமிட்டு, சும்மா இரு என்று பதிவு எடுத்தேன். யார் பேரும் வேண்டாம் என்று ஒன்று முதல் பத்து வரை எண் மட்டும் போட்டேன்.

மூன்று முறைகளுக்கும் நிரல் எழுத மழைக்காலம் முழுக்கப் பிடித்தது. பதிவுகளைப் பிரித்து, கண்ணை எறிந்து, மிச்சத்தை அச்சடித்துக் கொடுத்தேன். துறைத்தலைவர் தாள்களைக் கையை நீட்டித் தூரத்தில் வைத்துப் பார்ப்பார். எந்தக் கோடு வழவழப்பாக இருக்கிறதோ அது நல்லது. அவருடைய ஒப்பீடு அவ்வளவுதான். அதிலும் பெரிய எட்டு வைக்கிற முறையின் மேல் அவருக்குத் தனிப் பிரியம். அதன் பெயரிலேயே ஃபாஸ்ட் என்று இருந்தது. வேறு ஆதாரம் அவருக்குத் தேவைப்படவில்லை.

எதை வைத்து ஒப்பிடுகிறோம் என்று நான் கேட்டேன். மேட்டுக்கு அடியில் இருந்த உண்மையான அலை எப்படி இருந்தது என்று தெரியாதபோது, கண்ணை மட்டும் எடுத்தோமா, மூளையையும் சேர்த்து எடுத்தோமா என்று எப்படிச் சொல்ல முடியும்? வழவழப்புதான் வேண்டுமென்றால் செத்தவன் பதிவுதான் எல்லாவற்றையும்விட வழவழப்பாக இருக்கும்.

“அதெல்லாம் பார்த்தாலே தெரியுதுல்லாம்மா,” என்றார் அவர்.

இதையே மருத்துவரிடம் கேட்டேன். கண் கலக்காத மூளை கிடைத்தால், அதில் தெரிந்த அளவு கண்ணசைவை நானே கலந்து, மூன்று முறைகளிடமும் கொடுத்து, எது பழையபடி மீட்டுத் தருகிறது என்று பார்க்கலாம். அப்படிப் பதிவு எடுக்க வழி உண்டா? அவர் சிரித்தார். கண்ணை மூடினாலும் உள்ளே உருண்டுகொண்டுதான் இருக்கும் என்றார். “ரெண்டு கண்ணையும் தோண்டி எடுத்த ஆளக் கூட்டிட்டு வாங்க, தாரேன்.” அவரைப் பொறுத்தவரை பேச்சு அதோடு முடிந்தது.

எனக்கு அதோடு முடியவில்லை. எங்கள் கல்லூரியின் தொலைபேசி ஆப்பரேட்டர் அப்படிப்பட்டவர்தான். குழந்தையாக இருந்தபோது ஏதோ நோயில் இரண்டு கண்களையும் எடுத்துவிட்டார்கள். ஐம்பதை நெருங்கியவர். அலுவலகத்தை ஒட்டிய சின்ன அறையில் சுவிட்ச்போர்டின் முன் சலவைச் சட்டையும் கறுப்புக் கண்ணாடியுமாக உட்கார்ந்திருப்பார். எந்த இணைப்பில் விளக்கு மின்னினாலும் அதனடியில் ஒரு சின்ன முள் எழும்பும், அதை விரலால் தொட்டே யார் கூப்பிடுகிறார்கள் என்று தெரிந்துகொள்வார். கல்லூரிக்குள் வருகிற, கல்லூரியை விட்டுப் போகிற எல்லாப் பேச்சும் அவர் வழியாகத்தான். முக்கால்வாசியை அவர் ஒட்டுக் கேட்டார். பிடிக்காதவர்களின் பேச்சு நடுவில் அறுந்து போகும், லைன் கோளாறு என்பார். குரலை வைத்தே ஆளைச் சொல்லிவிடுகிறாரே என்று யாராவது வியந்தால் முகம் சுளித்து, “நீங்க மூஞ்சிய வச்சு ஆளச் சொல்லுதீய. அதுக்கு நான் கை தட்டுதேனா?” என்பார். அந்தக் கல்லூரியில் எனக்குப் பிடித்த ஒரே மனிதர் அவர்தான். ஒருவேளை அவருக்கும் யாரையும் பிடிக்காததால் இருக்கலாம்.

எல்லோரும் கூப்பிடுகிற மாதிரி நானும் அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவேன். போய் விஷயத்தைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். இடையிடையே வந்த அழைப்புகளைத் திருப்பிவிட்டபடியே கேட்டார். கடைசியில், “அப்போ கண்ணில்லாததுதான் ஒங்களுக்கு வேண்டியிருக்கு,” என்றார்.

ஆமாம் என்றேன். அதைச் சுற்றி வளைத்து நயமாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. அவரிடம் அது தேவையும் இல்லை.

“நல்லது. முதல் தடவையா ஒருத்தி வாயத் தொறந்து சொல்லுதா. நான் வாரேன். ஆனா ஒங்க ஹெச்.ஓ.டி. இங்கன வந்து ஒரு வார்த்த கேக்கட்டும். இத்தன வருசமா நம்பரப் போடுங்கிறதத் தவிர எங்கிட்ட ஒண்ணும் பேசுனதில்ல அந்தாளு.”

நியாயமான நிபந்தனை. துறைத்தலைவரிடம் போய்ச் சொன்னேன். அவர் முகம் போன போக்கைப் பார்த்திருக்க வேண்டும். கண்ணில்லாத ஒருவரின் பதிவு எதற்காக என்று அவர் கேட்கவே இல்லை. ஒரு ஆப்பரேட்டரின் அறைக்குத் தான் நடந்து போவதா என்பதிலேயே நின்றுவிட்டார். போகட்டும், பத்துப் பேர் போதும் என்று சொல்லிவிட்டார். பிறகு மனது ஆறாமல், மைத்துனரிடம் சொல்லிக்கொள்ளத் தொலைபேசியை எடுத்தார். அந்தப் பேச்சும் சுவிட்ச்போர்டு வழியாகத்தானே போக வேண்டும்? பாளையங்கோட்டை நம்பரைப் போட்டுக் கொடுத்தது அண்ணாச்சி. அந்தக் குருடன்கிட்ட நான் போய் நிக்கணுமாம் என்று துறைத்தலைவர் சொன்னதை முழுதாகக் கேட்டதும் அண்ணாச்சி. அன்று லைன் கோளாறு எதுவும் வரவில்லை.

மறுநாள் நான் கல்லூரிக்குள் நுழையும்போதே கூப்பிட்டார். “எப்பப் போவோம்?” என்று மட்டும் கேட்டார். நிபந்தனை என்ன ஆயிற்று என்றேன். “அந்தாளு கேக்க வேண்டாம். கேக்காமலே எம் மண்ட அவர் மேசைக்குப் போகட்டும்.” அவருக்கு அறிவியலில் ஆர்வம் எதுவும் இல்லை. கோபத்தில்தான் வந்தார். ஆர்வத்தோடு வந்த பத்து மாணவர்களையும்விட ஒழுங்காக அசையாமல் உட்கார்ந்திருந்ததும் அவர்தான்.

டவுன் பஸ்ஸில் பாளையங்கோட்டை போனோம். சீயக்காய் மணத்தது அவர் தலையில், நான் சொல்லாமலே. கிளினிக்கில் மருத்துவர் அவரைப் பார்த்ததும் கொஞ்சம் தடுமாறினார். அன்று தொலைபேசியில் துறைத்தலைவர் சொல்லக் கேட்டுச் சிரித்த விஷயம் நேரில் வந்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தது. மின்முனைகளை ஒட்டி முடித்து, இயந்திரத்தைப் போட்டு, பழக்கதோஷத்தில், “மேல பாருங்க,” என்றார்.

“எத வச்சு?” என்றார் அண்ணாச்சி.

திரையில் நெற்றிப் பக்கத்துக் கோடுகள் ஓடின. மேடு இல்லை. மற்ற பத்துப் பேரிடமும் சுவர் மாதிரி எழுந்த இடத்தில் சின்னச் சின்ன நெளிவாக மூளையின் அலை மட்டும் ஓடியது. மருத்துவர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். நான் அவரை மதித்தது அந்த நேரம் மட்டும்தான். நடுவில் கரண்ட் போய் மின்விசிறி நின்றது. இயந்திரம் பேட்டரியில் ஓடியது. அண்ணாச்சிக்கு நெற்றி வியர்த்தது. வியர்வையில் அந்தக் கோடுகள் மெதுவாகச் சாய்ந்து ஏறி இறங்கின. அதையும் குறித்துக்கொண்டேன். பின்தலையில் பொதுவாக வர வேண்டிய அலை அவருக்குக் குறைவாக இருந்தது. சின்ன வயதிலேயே பார்வை போனவர்களுக்கு அப்படித்தான் என்றார் மருத்துவர். ஆக, கிடைத்தது குறையே இல்லாத பதிவு என்று நான் நினைத்துக்கொள்ளவில்லை. ஆனால் கண் கலக்காத பதிவு. இந்தப் பக்கத்தில் யாரிடமும் இல்லாதது. அதற்குப் பதினோராம் எண் போட்டேன்.

அடுத்த மாதங்களில்தான் நிஜமான வேலை நடந்தது. மாணவர்களின் கண்ணசைவை எடுத்து அண்ணாச்சியின் பதிவில் நானே அளந்து கலந்தேன். பழைய மூளை எது, சேர்த்த கண் எது என்று எனக்குத் தெரியும். மூன்று முறைகளும் பிரித்தன. சிறு அடியாக நகர்கிற முறை பொறுமையைச் சோதித்தது, ஆனால் மூளையை அதிகம் சேதமில்லாமல் திருப்பித் தந்தது. பெரிய எட்டு வைக்கிற முறை சீக்கிரம் முடிந்தது. ஆனால் எங்கிருந்து தொடங்குகிறோமோ அதைப் பொறுத்து சில சமயம் வேறு வேறு விடை தந்தது. அட்டவணை முறை எப்போது போட்டாலும் ஒரே விடை. மின்முனைகள் அதிகமானால் மட்டும் எங்கள் கம்ப்யூட்டர் மூச்சுத் திணறி நின்றுவிடும். ஆனால் நான் கண்ட பெரிய விஷயம் இது எதுவுமில்லை. மூன்று முறைகளுக்கும் இடையே இருந்த வித்தியாசம் கொஞ்சம்தான். எந்தக் கூறைக் கண் என்று முடிவு செய்து எறிகிறோம் என்பதில்தான் எல்லாமே கெட்டது.

துறைத்தலைவரிடம் அதற்கு ஒரு விதி இருந்தது. நெற்றியில் பலமாக இருக்கிற கூறு எதுவோ அதுதான் கண். இது எவ்வளவு மடத்தனம் என்று நான் சொல்லிப் பார்த்தேன். எந்தப் பதிவைப் பிரித்தாலும் ஏதாவது ஒரு கூறு நெற்றியில் பலமாகத்தான் இருக்கும். வியர்வையாக இருக்கலாம், நெற்றிச் சுருக்கமாக இருக்கலாம், முன்மூளையாகவே இருக்கலாம். வகுப்பில் முதல் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறவனெல்லாம் முதல் மாணவன் ஆகிவிடுவானா? அவர் தலையாட்டினார். தலையாட்டுவதற்கும் கேட்பதற்கும் அவரிடம் சம்பந்தம் கிடையாது.

அந்தச் சமயத்தில் நிதி தருகிற குழு ஒன்று கல்லூரியைப் பார்வையிட வருவதாகத் தகவல் வந்தது. துறைத்தலைவர் சுறுசுறுப்பானார். ஓவர்ஹெட் புரொஜெக்டருக்கான தாள்களை என்னிடம் கேட்காமல் அவரே தயார் செய்தார். அதுவே கவலைப்பட வேண்டிய விஷயம். குழு வருவதற்கு முந்தின நாள் மேசையில் கிடந்த தாள்களைப் புரட்டிப் பார்த்தேன். பதினோராம் எண். நான் எதுவும் கலக்காத மூலப் பதிவு. அதைத் தனக்குப் பிடித்த முறையில் பிரித்து, நெற்றியில் பலமான கூறை எடுத்து, அதன் பக்கத்தில் பச்சை மையில் ‘கண்சிமிட்டல்’ என்று எழுதி அம்புக்குறி போட்டிருந்தார். கீழே, நீக்கிய பின் சுத்தமான பதிவு. பத்துப் பேருடைய பதிவுகளில் எதுவும் இவ்வளவு வழவழப்பாக வரவில்லையாம், அதனால் இதையே முதலில் வைத்திருந்தார்.

“சார், பதினொண்ணாம் நம்பர் நம்ம ஆப்பரேட்டர். அவங்களுக்குக் கண்ணே கிடையாது,” என்றேன்.

அவர் தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். முதலில் கேட்டது, “அவன எப்பக் கூட்டிட்டுப் போனீங்க?” என்று. போனது எப்போதாக இருந்தால் என்ன, இந்தக் கண்சிமிட்டல் யாருடையது என்றேன். கொஞ்ச நேரம் யோசித்தார். அவர் யோசிப்பதைப் பார்ப்பது எனக்கு எப்போதும் சங்கடமாக இருக்கும்.

“நம்பர் மட்டுந்தான போட்டிருக்கு. யாருக்குத் தெரியப் போகுது?”

“இல்லாத கண்ண எடுத்ததா சொல்லுதீங்க சார். நீங்க எடுத்தது அவங்க மூளைய.”

“கண்ணு மாதிரி ஏதோ ஒண்ணு இருந்திருக்கும்மா. மெதட் அவ்வளவு நுணுக்கமா கண்டுபிடிச்சிருக்கு,” என்றார்.

நான் அறையை விட்டு வெளியே வந்துவிட்டேன்.

மறுநாள் குழு வந்தது. சந்தனம், குங்குமம், சால்வை, கல்யாண வீட்டுப் பந்தி உதாரணம். மருத்துவரும் ஒத்துழைத்தவர் என்ற முறையில் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். விளக்கை அணைத்து முதல் தாளைப் போட்டார்கள். பச்சை அம்புக்குறி சுவரில் பெரிதாக விழுந்தது. கண்சிமிட்டலைத் துல்லியமாகப் பிடித்து நீக்கியிருக்கிறோம் என்று துறைத்தலைவர் கோலால் தட்டிக் காட்டினார்.

நான் எழுந்தேன். அந்தப் பதிவுக்கு உரியவருக்குக் கண்கள் இல்லை என்று சொன்னேன். குழுத் தலைவர் வயதானவர், கனிவானவர், எதையும் கேட்டுக்கொள்ளாதவர். கண்களை மூடியிருந்தாலும் உள்ளே அசைவு இருக்குமே என்று எனக்கு விளக்கினார். மூடவில்லை, கண்களே இல்லை, சின்ன வயதில் எடுத்துவிட்டார்கள் என்றேன். முன்வரிசையிலிருந்து மருத்துவர் வாய்விட்டுச் சிரித்தார். உதவியாக இல்லை அந்தச் சிரிப்பு. ஏதோ வேடிக்கை பேசுகிறோம் என்று மற்றவர்களும் மரியாதைக்குச் சிரித்தார்கள். நல்ல கேள்வி, இதைச் சாப்பாட்டின்போது விவாதிக்கலாம் என்றார் குழுத் தலைவர். சாப்பாட்டின்போது சொதியைப் பற்றித்தான் விவாதித்தார்கள். தேங்காய்ப்பாலை எப்போது விட வேண்டும் என்பதில் குழுவுக்குள் கருத்து வேறுபாடு இருந்தது. அதை அவ்வளவு அக்கறையோடு பேசினார்கள்.

நிதி கிடைத்தது. கட்டுரை அச்சானது. பதினோராம் எண்ணின் கண்சிமிட்டல் முதல் படமாகவே வந்தது. என் பெயரை எடுத்துவிடும்படி நான் கேட்டிருந்தேன். நான் கேட்பதற்கு முன்பே அவர் அதை எடுத்திருந்தார். மருத்துவர் தன் பிரதியை வாங்கிப் படித்துவிட்டு, இனி இயந்திரம் தர முடியாது என்று சொல்லிவிட்டாராம். அக்காளுக்காகக் கூட இல்லையாம். இதை எனக்குச் சொன்னது அண்ணாச்சி. எப்படித் தெரியும் என்று நான் கேட்கவில்லை.

குழு வந்து போன அன்றே அவரிடம் நடந்ததைச் சொன்னேன். சுவிட்ச்போர்டில் விளக்குகள் மின்னிக்கொண்டே இருந்தன. அவர் எதையும் எடுக்கவில்லை.

“எனக்குக் கண்ணு இருக்குன்னு சொல்லிட்டாரா?”

“ஆமா அண்ணாச்சி.”

“எங்கன இருக்காம்?”

“நெத்தியில.”

அவர் விரலால் புருவத்துக்கு மேலே தடவிப் பார்த்துக்கொண்டார். சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன், சிரிக்கவில்லை. அம்மா ஆஸ்பத்திரி வாசலில் அழுத சத்தம் தனக்கு ஞாபகம் இருக்கிறது, அதற்கு முன்னால் பார்த்த எதுவும் ஞாபகம் இல்லை என்றார். இப்படி ஒருவன் உட்கார்ந்த இடத்தில் கண்ணைக் கொடுத்து, உட்கார்ந்த இடத்திலேயே எடுத்தும் விட்டானே என்றார். அவர் குரலில் அதுவரை நான் கேட்டிராத ஒரு கசப்பு இருந்தது. பிறகு விளக்கு மின்னிய இணைப்பை எடுத்தார்.

ஒரு வாரம் போனது. யாரோ வெளியூரிலிருந்து துறைத்தலைவரைக் கேட்டுக் கூப்பிட்டிருக்கிறார்கள். “யாரு, கண்ணு சாரா? இருங்க, கொடுக்கேன்,” என்று அண்ணாச்சி சொன்னதை அலுவலகத்தில் எல்லாரும் கேட்டார்கள். அன்றிலிருந்து அதுதான். கண்ணு சார் வகுப்பில் இருக்காங்க. கண்ணு சார் லைன் பிசி. முதலில் அலுவலகம் பிடித்துக்கொண்டது, பிறகு மாணவர்கள், பிறகு கேன்டீன். காரணம் யாருக்கும் தெரியாது. ஒருநாள் துறைத்தலைவரே என்னிடம் வந்து, நம் ஆராய்ச்சி பையன்கள் வரைக்கும் போய்ச் சேர்ந்திருக்கிறது பார்த்தீர்களா என்றார். முகத்தில் அவ்வளவு சந்தோஷம். அவரைத் திருத்த வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. ஒரு மனிதனை அவமானப்படுத்தக்கூட அவனுக்குக் கொஞ்சம் புத்தி இருக்க வேண்டியிருக்கிறது.

அவர் பின்னால் அதே கல்லூரிக்கு முதல்வரும் ஆனார். ஆகாமல் எப்படி இருப்பார்?

என் ஒப்பீட்டை நான் தனியாக எழுதினேன். கலந்த பதிவுகள், மூன்று முறைகள், கூறைத் தேர்ந்தெடுப்பதில் வருகிற தவறு எல்லாம் அதில் இருந்தன. மதுரையில் ஒரு சின்னக் கூட்டத்தில் அதைப் படித்தேன். கேட்டவர்களில் பாதிப் பேர் அடுத்துப் பேச வேண்டியவர்கள். ஒருவர் மட்டும், ஆக எது சிறந்த முறை, ஒரு வார்த்தையில் சொல்லுங்கள் என்றார். எறிவதற்கு முன்னால் யோசிக்கிற முறை என்றேன். அது அவருக்கு அதிகப்பிரசங்கித்தனமாகப் பட்டது. அதிகப்பிரசங்கித்தனம்தான்.

மதுரையில் படிப்பதற்கு முன்னால், அவரைப் பற்றிய பகுதியை அண்ணாச்சிக்கு வாசித்துக் காட்டியிருந்தேன். அவரைப் பற்றி என்ன போட்டிருக்கிறது என்று தெரிந்துகொள்ள அவருக்கு உரிமை உண்டு என்று நினைத்தேன். ‘இரு கண்களும் அகற்றப்பட்ட ஆண் ஒருவர்’ என்று எழுதியிருந்தேன். அவர் இரண்டு முறை வாசிக்கச் சொன்னார்.

“மத்த பத்துப் பேருக்கு என்ன போட்டிருக்கு?”

“கல்லூரி மாணவர்கள்னு.”

“அவனுகளுக்குக் கண்ணு இருக்குன்னு போடலல்லா?”

இல்லை என்றேன். அப்படியானால் தனக்கும் வேலையைப் போடச் சொன்னார், கண் விஷயம் அதற்குப் பிறகு வரட்டும் என்றார். அவர் முன்னாலேயே பேனாவை எடுத்து, தொலைபேசி ஆப்பரேட்டர் என்று திருத்தினேன். எழுதுகிற சத்தம் நின்றதும், இன்னொரு தடவை வாசியுங்கள் என்றார். வாசித்தேன். சரி என்று சொல்லிவிட்டுச் சுவிட்ச்போர்டுப் பக்கம் திரும்பிக்கொண்டார். துறைத்தலைவரின் விளக்கு மின்னிக்கொண்டிருந்தது போலிருக்கிறது. அதை விட்டுவிட்டு அடுத்ததை எடுத்தார்.